ஏகநாதன் பேரில் போன பத்திரிகை

செம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, போர்க்கார ஏகநாதன் வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரன் கையிலிருக்கும் கிளாஸை வைத்துவிட்டு வந்து வழி காட்டுவான். அப்படி ஒரு பேர். அஞ்சாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்ட ஆள். பதினாறு வயதில், கையாலேயே போர்க்கிணறு துளைக்கிற கைபோர் மேஸ்திரியிடம் பைப்பு தூக்கப் போனார். இருபத்தெட்டில் சொந்த வண்டி. சேலையூரில் ஆரம்பித்து மேடவாக்கம் வரைக்கும் இன்றைக்கு மாடி மேல் மாடி கட்டிக்கொண்டு குளிக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் போட்ட துளையிலிருந்துதான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறார்கள். படித்தவர்கள் மெஷினை வைத்துப் பார்த்து இங்கே சொட்டுத் தண்ணி கிடையாது என்று கை விரித்த மனையில், நூற்றி எழுபதாவது அடியில் பாறையைப் பிளந்து, பக்கத்து வீட்டு மாடி வரைக்கும் பீய்ச்சி அடிக்க வைத்தவர். சொன்னால் பெருமை பேசுகிறார் என்பார்கள். பெருமைதான். சும்மாவா வந்தது அது?

மூன்று மாடி வீடு, இரண்டு போர் வண்டி எல்லாம் இருந்தாலும், தன் சொத்து என்று அவர் எண்ணுவது அந்தப் பேரைத்தான். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார், முகூர்த்தம் என்றைக்கு என்று பார்க்கமாட்டார். நேராகக் கடைசிப் பக்கம். தங்கள் நல்வரவை நாடும் என்று போட்டு உறவுமுறை பேர்களை வரிசையாக அச்சடித்திருப்பார்களே, அங்கே விரலை வைத்து எழுத்துக் கூட்டிக்கொண்டே வருவார். தன் பேர் எங்கே, யாருக்கு மேலே, யாருக்குக் கீழே. வரிசை சரியாக இருந்தால் பத்திரிகை கொண்டுவந்தவருக்குக் காப்பி. இல்லையென்றால் மோர்கூடக் கிடையாது.

சித்தப்பா மகன் சக்திவேலோடு பேச்சு நின்றுபோனதும் அப்படித்தான். பள்ளிக்கரணையில் இருக்கிறவன். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையில் பொண்டாட்டியின் அண்ணன் பேரை மேலே போட்டு, பங்காளி பேரைக் கீழே போட்டுவிட்டான். அச்சுக்காரன் தப்பு என்றான். அச்சுக்காரனா எனக்குப் பங்காளி என்று கேட்டார் ஏகநாதன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்கப்புறம் ஒரே துக்க வீட்டில் உட்கார நேர்ந்தபோதுகூட இவர் வாசலில் உட்கார்ந்தால் அவன் கொல்லைப் பக்கம் உட்காருவான்.

அந்தச் சக்திவேல் நம்பரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனுக்குப் பத்திரிகை வந்தது.

மேலே பிள்ளையார் படம். கீழே, எங்கள் இல்லத் திருமணம், அவசியம் குடும்பத்துடன் வரவும் என்று நல்ல தமிழில் இரண்டு வரி. அதற்குக் கீழே தொடுவதற்கு ஒரு கட்டம். ஏகநாதனுக்கு முதலில் வந்தது கோபம். சக்திவேலின் இளைய மகனுக்கு வயதாகிவிட்டது, பெண் பார்க்கிறார்கள் என்று காதில் விழுந்திருந்தது. எட்டு வருஷம் பேசாதவன், தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டாமா? போனில் தட்டிவிட்டால் ஆயிற்றா? பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி கன்னியம்மாளிடம் அதையே நாலு விதமாகச் சொல்லித் தீர்த்தார். அதற்கப்புறம் கோபத்துக்குக் கீழேயிருந்து அரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை பேரை எங்கே போட்டிருக்கிறான்?

தொட்டார். போன் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. இங்கிலீஷ் அவருக்குத் தெரியாது. ஆனால் போன் எதைக் கேட்டாலும் பளிச்சென்று கலரில் இருக்கிற எழுத்தை அழுத்தினால் வேலை நடக்கும் என்பது அவராகக் கண்டுபிடித்த வழி. இதுநாள் வரைக்கும் கைவிட்டதில்லை. அழுத்தினார். மறுபடி கேட்டது. அழுத்தினார். நாலு தடவை கேட்டது, நாலு தடவையும் சரி என்றார். பத்திரிகை திறக்கவில்லை. வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது, அவ்வளவுதான்.

வேறு யார் அனுப்பியிருந்தாலும் அந்த நிமிஷமே போன் போட்டு, இன்னாய்யா வெறும் காகிதம் அனுப்பிக்கீற என்று கேட்டிருப்பார். அனுப்பாத பத்திரிகைக்கு என்னண்ணா கேள்வி என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்திருக்கும். விஷயம் அங்கேயே செத்திருக்கும். ஆனால் சக்திவேலுக்குப் போன் போடுவதா? தலையே போனாலும் மாட்டார். வேண்டுமென்றே வெறும் பத்திரிகை அனுப்பி அவமானப்படுத்துகிறான் என்று முடிவு கட்டி, போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணியிலிருந்து அவர் போன் ஓயவில்லை. யாருக்குக் கல்யாணம், சொல்லவே இல்லையே என்று கௌரிவாக்கத்திலிருந்து ஒருத்தர். பத்திரிகை திறக்க மாட்டேங்குதே மாமா என்று வேங்கைவாசலிலிருந்து ஒருத்தி. வீட்டில் கல்யாண வயதில் ஒருத்தரும் கிடையாது. பேரன் ஒன்பதாவது படிக்கிறான். காலங்காத்தால குடித்துவிட்டுப் பேசுகிறாயா என்று இரண்டு பேரைத் திட்டி வைத்தார்.

அப்போதுதான் மாடியில் குடியிருக்கும் ஜோசலின் இறங்கி வந்தாள். சானடோரியம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தோளில் பை, கையில் சாப்பாட்டுக் கூடை, பள்ளிக்குக் கிளம்பிய கோலம்.

"சார், உங்க நம்பர்ல இருந்து எனக்கு ஒரு பத்திரிகை வந்திருக்கு. நீங்க அனுப்பினீங்களா?"

"நான் எதுக்கும்மா அனுப்பப் போறேன்?"

"அப்ப உங்க போனைக் குடுங்க, சீக்கிரம்."

வாங்கினாள். ஏதோ இரண்டு இடத்தில் அழுத்தினாள், போன் மேலே ஒரு விமானப் படம் வந்தது. இனி இதிலிருந்து எதுவும் வெளியே போகாது, இதை இப்படியே வைத்திருங்கள் என்றாள். பிறகு நின்றபடியே சொன்னாள். கல்யாணப் பத்திரிகை என்றால் போட்டோவாக வரும், இல்லாவிட்டால் பிடிஎஃப்பாக வரும். பேரின் வாலில் ஏபிகே என்று இருந்தால் அது பத்திரிகையே இல்லை. போனுக்குள் குடியேறுகிற ஒரு ஆப். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு, பேங்கிலிருந்து வருகிற ரகசிய நம்பரை எல்லாம் திருடன் எங்கே இருக்கிறானோ அங்கே அனுப்பிவிடும். அதோடு நிற்காது, போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அதே பத்திரிகையை உங்கள் பேரிலேயே அனுப்பும்.

ஏகநாதன் சிரித்தார். தன் கணக்கில் எவனும் கை வைக்க முடியாது என்றார். போனில் பணம் அனுப்புகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, பேங்குக்கு நேரில் போய்ப் பாஸ்புக்கை நீட்டி வாங்குகிற ஆள், பேங்கில் அவர் நம்பர்கூடப் பழைய நம்பர். எந்தக் கொம்பனும் ஒரு பைசா எடுக்க முடியாது.

"உங்க பணம் போகலை சார். உங்க பேரைப் பார்த்துத் திறக்கறாங்க பாருங்க, அவங்க பணம் போகுது. உங்க போன்ல எத்தனை நம்பர் இருக்கும்?"

ஆயிரத்துக்கு மேல் இருக்கும். நாற்பது வருஷத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்த வீடுகள் பூராவும் அதில் இருந்தன. சிரிப்பு நின்றது. உடனே எல்லாருக்கும் சொல்ல வேண்டும், ஆன்ட்டி போனிலிருந்து ஒரு மெசேஜ் போடுங்கள், யாருக்காவது பணம் போயிருந்தால் சைபர் போலீஸ் நம்பர் 1930-க்கு அடிக்கச் சொல்லுங்கள், முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தைப் பாதி வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பிருக்கிறது என்று ஜோசலின் படபடவென்று சொல்லிக்கொண்டே போனாள்.

"யாருக்கும் சொல்லக் கூடாது" என்றார் ஏகநாதன்.

"சார்?"

"போர்க்கார ஏகநாதன ஒரு பொடிப்பய ஏமாத்திட்டான்னு ஊரு சிரிக்கணுமா? போன் தொலைஞ்சிபோச்சின்னு சொல்லிக்கலாம். நீ ஸ்கூலுக்குப் போ."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றேன் சார்."

"வாடகைக்கு இருக்கறவங்க வாடகைக்கு இருக்கற மாதிரி இரும்மா."

சொன்ன வாய் மூடுவதற்குள் கன்னியம்மாள் கீரைக்கட்டைத் தரையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். ஜோசலின் கூடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்து போய்விட்டாள்.

ஏகநாதனுக்கு இப்போது உடம்பு முழுக்கக் கோபம். யார் மேல் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசலில் நடந்தார். அப்புறம் தெரிந்துவிட்டது. சக்திவேல். எட்டு வருஷம் மனசில் வைத்திருந்து குழி பறித்திருக்கிறான். வண்டியை எடுத்தார். காமராஜபுரம், மேடவாக்கம் கூட்டு ரோடு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிப் போட்ட பள்ளம், எதிரில் வருகிற டேங்கர் லாரி, எல்லாவற்றையும் வைதுகொண்டே பள்ளிக்கரணைக்குப் போய்ச் சேர்ந்தார். எட்டு வருஷத்தில் அந்தத் தெருவில் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

சக்திவேல் உள்கூடத்தில் பனியனோடு உட்கார்ந்திருந்தான். ஐம்பத்தெட்டு வயது, அன்று எழுபது மாதிரி இருந்தான். முகத்தில் நாலு நாள் தாடி. பெரியவர் வாசலில் நிற்பதைப் பார்த்து எழுந்தான்.

"இன்னாடா பத்திரிகை அனுப்பினே எனக்கு?"

"நான் அனுப்பலைண்ணா."

"உன் நம்பர்ல இருந்துதானடா வந்துது."

சக்திவேல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வெள்ளிக்கிழமை அவனுக்கு டிராஃபிக் அபராதம் என்று ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. வேளச்சேரி சிக்னலில் மஞ்சள் விளக்கில் போனது ஞாபகம் இருந்ததால் போலீஸ்தான் என்று நம்பித் தொட்டிருக்கிறான். அதன் வாலிலும் அதே ஏபிகே. சனிக்கிழமை விடிவதற்குள் கணக்கு துடைத்த மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போன் தானாகவே ஊருக்கெல்லாம் பத்திரிகை அனுப்பிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமையே தெரியும். இன்னிக்கி திங்கக்கெழமை. போலீஸாண்ட போனியா?"

இல்லை என்று தலை ஆட்டினான்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"எப்டிண்ணா சொல்றது. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா கேவலம். பையனுக்கு வேற பொண்ணு பாத்துகினு கீறோம்."

"ரெண்டு நாளு வாய மூடிகினு குந்தினு இருந்தியா? நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனாடா? உன் மானத்த காப்பாத்திக்க எங்க தலையில கல்லப் போட்டியாடா?"

தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினார். சக்திவேலின் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்துப் பேசிவிட்டு, கன்னியம்மாக்கா பேசறாங்க, உங்களுக்குத்தான் என்று நீட்டினாள். ஆம்பளைகள் எட்டு வருஷம் பேசாமல் இருந்ததில் பொம்பளைகள் ஒரு வாரம்கூடப் பேசாமல் இருந்ததில்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குக் கோபப்பட நேரமில்லை. கன்னியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ஜெயக்கொடி வீட்டுக்கு வந்திருக்கிறாளாம்.

ஜெயக்கொடி ஏகநாதனின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் போன பிறகு யாரையும் அண்டாமல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி விற்றுப் பிழைக்கிறவள். ரோஜா, செம்பருத்தி, கருவேப்பிலைக் கன்று. அவளிடம் வாங்குகிற கன்று சாகாது என்று பேர். போன் கன்னியம்மாளிடமிருந்து அவள் கைக்குப் போயிற்று.

"அண்ணா, உன் வூட்டுல கல்யாணத்துக்கு யாரு கீறாங்கன்னுகூட யோசிக்கல, எனக்கு நேருல வந்து சொல்லலியேன்னு வயிறு எரிஞ்சிது. அத்தைன்னு என் பேரையாவது போட்டிருப்பியான்னுதான் தொட்டேன்."

"எப்ப தொட்டே?"

"ஆறரை இருக்கும். ஷெட்டு போட சேத்து வெச்சது, ஒண்ணே கால் லட்சம். எட்டு மணிக்கு மெசேஜ் வந்துது, எல்லாம் பூட்ச்சி. வேற எவன் அனுப்பியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன். உன் பேர பாத்துதான் தொட்டேன்."

எட்டு மணி. ஜோசலின் இறங்கி வந்ததும் எட்டு மணிதான். ஏகநாதன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது. சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கெஞ்சினாளே, அதை விட்டு நாற்பது நிமிஷம் ஓடியிருந்தது. ஆயிரம் வீட்டில் இன்னும் எத்தனை பேர் அவர் பேரைப் பார்த்துத் தொட்டுக்கொண்டிருக்கிறார்களோ. சக்திவேலை எதற்காகத் திட்டினாரோ அதே வேலையைத்தான் காலையிலிருந்து தானும் செய்துகொண்டிருக்கிறோம் என்பது உச்சந்தலையில் இறங்கியது. அவனாவது இரண்டு நாள் பயத்தில் மூடிக்கொண்டிருந்தான். இவர் திமிரில்.

தங்கையிடம் 1930 என்ற நம்பரை மூன்று தடவை சொன்னார், இந்த நிமிஷமே அடி, அழாமல் கணக்கு நம்பரையும் மெசேஜில் இருக்கிறதையும் சொல், அண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொள், அடுத்து பேங்குக்கு அடித்துக் கணக்கை முடக்கச் சொல் என்றார். ஜோசலின் சொன்னது வார்த்தை தப்பாமல் அவர் வாயிலிருந்து வந்தது. வைத்துவிட்டு, சக்திவேலின் மனைவியிடம், இதில் பேச்சைப் பதிந்து எல்லாருக்கும் அனுப்புவார்களே, அதை எடுத்துக் கொடு என்றார்.

அவள் எடுத்துக் கொடுத்தாள். சக்திவேல், வேணாம்ணா, உம் பேரு, என்று இழுத்தான். ஏகநாதன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் செம்பாக்கம் போர்க்கார ஏகநாதன் பேசறேன். என் பேர்ல உங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்திருக்கும். அது பத்திரிகை இல்ல, திருட்டு. என் வூட்டுல கல்யாணம் இல்ல. எவனோ ஒரு பொறம்போக்கு என்னை ஏமாத்திட்டான், நான் ஏமாந்துட்டேன். தொடாதீங்க. தொட்டுட்டீங்கன்னா போன்ல அந்த ஏரோப்ளேன் படத்த அழுத்துங்க, வேற போன்ல இருந்து பேங்குக்கும் 1930-க்கும் அடிங்க. வெக்கப்பட்டுகினு குந்தாதீங்க. நான் நாப்பது நிமிஷம் வெக்கப்பட்டேன், என் தங்கச்சி காசு பூட்ச்சி."

அனுப்பினார். அவர் போனில் இருக்கிற ஆயிரம் பேருக்கும் அந்தப் போனிலிருந்து போகாது. உறவுக்கூட்டத்தின் மூன்று குரூப்பில் போட்டு, மற்றவர்களுக்குத் தள்ளிவிடச் சொன்னார். அப்புறம் சக்திவேலைச் சட்டை போடச் சொல்லி வண்டியில் ஏற்றினார். சைபர் போலீஸ் அலுவலகத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து புகார் எழுதிக் கொடுத்தார்கள். சனிக்கிழமையே வந்திருந்தால் என்று அங்கிருந்த எஸ்ஐ அம்மா ஆரம்பித்தார். வந்திருக்க வேண்டியவன் இவன்தான், நல்லா கேளுங்க என்றார் ஏகநாதன். அவர் போனை வாங்கி, உள்ளே இருந்ததை எடுத்து, பூராவும் துடைத்து, பூட்டுக்கு மேல் பூட்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். அவருடைய நம்பர்களை எல்லாம் ஏழு தாளில் பதினாலு பக்கத்துக்கு அச்சடித்துத் தரச் சொல்லி அடம்பிடித்து வாங்கிக்கொண்டார்.

அவருடைய பேச்சு அன்று சாயங்காலத்துக்குள் குரோம்பேட்டையைத் தாண்டிவிட்டது. மறுநாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் முன்பின் தெரியாத ஆட்டோக்காரன் குரலை வைத்து அடையாளம் கண்டு, பொறம்போக்கு தாத்தா நீதானா என்று கேட்டான். சொந்தக்காரப் பிள்ளைகள் ஏபிகே மாமா என்று பேர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்றது. எரிச்சலில் அந்தப் பேச்சை இன்னொரு குரூப்புக்குத் தள்ளிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாடிக்கு ஏறிப்போனார். சொந்த வீட்டு மாடிப்படி அவருக்கு அவ்வளவு செங்குத்தாக இருந்ததே இல்லை. டீச்சரம்மா, நான் பேசினது தப்பு என்றார். ஜோசலின் கதவை முழுசாகத் திறந்தாள். அப்புறம், தப்புதான் சார், உள்ளே வாங்க, காப்பி குடிங்க என்றாள்.

ஜெயக்கொடியின் பணத்தில் எழுபதாயிரம் எங்கோ ஒரு ஊர் பேங்கில் மாட்டி நின்றது. திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். மீதி போனது போனதுதான். வெள்ளிக்கிழமை ஏகநாதன் பல்லாவரம் சந்தைக்குப் போனார். வெயிலில் பழைய சேலையைப் பந்தலாகக் கட்டிக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். போன பணத்தைத் தானே தந்துவிடுவதாகச் சொல்லிச் சட்டைப் பையில் கை விட்டார்.

"எடுக்காத" என்றாள் ஜெயக்கொடி. அவரைப் பார்க்காமல் கன்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "காசு குடுத்துட்டு நிம்மதியா தூங்கலாம்னு பாக்கறியா? எனக்கு இன்னும் ஆறலை. உம் மேலயும் ஆறலை. அந்த மெசேஜ் எத்தினி பேரு கேட்டான், எத்தினி பேரு கேக்கலன்னு உனக்குத் தெரியுமா? வாட்சப்பே பாக்காத கெழவங்க எத்தினி பேரு உன் போன்ல கீறான்? ஒவ்வொருத்தனுக்கா அடிச்சி உன் வாயால சொல்லு. இங்கியே குந்து. என் கண்ணெதிர்ல சொல்லு."

ஏகநாதனுக்கு மூக்கு விடைத்தது. ஊரில் எவனும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. ஒரு சாக்கைப் போட்டு, செம்பருத்தித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். பதினாலு பக்கத்தை மடியில் விரித்து, முதல் பேரில் விரலை வைத்து எழுத்துக் கூட்டி, நம்பரை அழுத்தினார்.

மத்தியானத்துக்குள் அறுபத்தோரு பேர். சிலர் பாவம் என்றார்கள், சிலர் நல்லவேளை என்றார்கள். மாடம்பாக்கத்து ஆள் ஒருத்தர், பத்திரிகை இன்னும் போனில் திறக்காமல் இருக்கிறது, சாயங்காலம் பேத்தியை விட்டுத் திறக்கச் சொல்லலாம் என்று இருந்தேன் என்றார். அறுபத்திரண்டாவது ஆள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ரிட்டையர்டு இன்ஜினியர். அந்த நூற்றெழுபது அடி மனையில் மெஷினை வைத்துப் பார்த்து, தண்ணீர் இல்லை என்று எழுதிக் கொடுத்த அதே ஆள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் வாய்விட்டுச் சிரித்தார். நூற்றெழுபது அடிக்குக் கீழே பார்க்கிறவர் கையிலிருக்கிற போனைப் பார்க்கவில்லையா என்றார்.

ஏகநாதனுக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. ஜெயக்கொடி தெளிப்பதை நிறுத்திவிட்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சிக்கோ சார், நல்லா சிரிச்சிக்கோ. நான் லைன்லதான் கீறேன். சிரிச்சி முடிச்சிட்டு, என் எதிர்லயே அந்தப் பத்திரிகைய அழி."